தேவாங்கும் தாயத்தும்

(மதுரை ஜில்லா, மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



ஜாதியைப் பற்றியோ, கோவிலைப் பற்றியோ, புரோகிதத்தைப் பற்றியோ இன்று பேசுவோம் என்று எண்ணி நீங்கள் வந்திருப்பீர்கள். ஆனால் நாம் இன்று ஒரு சிறு பிராணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதன் பெயர் தேவாங்கு. சுயமரியாதைக் கூட்டத்தில் பிராணி நூல் பாடம் எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்களில் எத்தனை பேர் குழந்தை இரவில் திடுக்கிட்டு அழுதால் தேவாங்கு முடித் தாயத்து கட்டவேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? எத்தனை பேர் மெலிந்த பிள்ளையைப் பார்த்து "தேவாங்கு மாதிரி இருக்கிறாயே" என்று சொல்லியிருக்கிறீர்கள்? எத்தனை பேர் அந்தப் பிராணியை உயிரோடு மரத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

முதல் இரண்டு கேள்விக்கும் பல கைகள் உயர்ந்தன. மூன்றாவது கேள்விக்கு இரண்டு கைகள்தான் உயர்ந்திருக்கின்றன. நாம் பேச வேண்டிய விஷயம் இவ்வளவும் இதில் அடங்கிவிட்டது. அதன் பெயரை வசவாக்கினோம். அதன் மயிரைத் தாயத்தாக்கினோம். அதன் கண்ணை மையாக்கினோம். ஆனால் அது எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, எப்படிக் குட்டி போடுகிறது என்று மாத்திரம் நாம் கேட்கவே இல்லை. எதைப் பற்றி நாம் கேள்வி கேட்காமல் இருக்கிறோமோ, அதை வைத்துத்தான் மந்திரக்காரன் கடை விரிக்கிறான்.

அது எது?

தேவாங்கு பூனை இனமும் அல்ல, எலி இனமும் அல்ல. குரங்கும் மனிதனும் எந்தப் பெரிய வகுப்பில் சேர்ந்திருக்கிறார்களோ அந்த வகுப்பையே சேர்ந்தது. உடல் ஒரு சாண் நீளம். எடை 300 கிராமுக்கு முன்னே பின்னே. ஒரு நடுத்தர மாம்பழத்தின் எடைதான். வால் கிடையாது. கைகால்கள் குச்சி போல் மெலிந்து நீண்டவை. நம் பக்கத்துத் தேவாங்குக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் லோரிஸ் லிடெக்கெரியானஸ். இதற்கு இலங்கையில் சிவந்த நிறமுள்ள உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் காலகோ, மடகாஸ்கர் தீவின் லெமூர் ஆகியவை இதற்குத் தூரத்துச் சொந்தம்.

இன்னும் தூரத்துச் சொந்தம் நாம்தான். நமது மூதாதை வரிசையும் இதன் மூதாதை வரிசையும் பிரிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பாகம் பிரிந்து எத்தனையோ காலமான பங்காளி என்று வைத்துக் கொள்ளுங்கள். சந்தேகமுள்ளவர்கள் அதன் கையைப் பார்க்கட்டும். கட்டை விரல் மற்ற விரல்களுக்கு எதிராய் மடங்கிக் கிளையைப் பிடிக்கிறது. நகங்களும் நம்முடையவை போல் தட்டை. காலின் இரண்டாவது விரலில் மாத்திரம் மயிரைக் கோதிக் கொள்ள ஒரு கூர் நகம் இருக்கிறது. கீழ்த்தாடையின் முன்பற்கள் சீப்பைப் போல் நீட்டிக் கொண்டிருக்கும். அதுவும் கோதிக் கொள்ளவே பயன்படும்.

இது எங்கோ தூரதேசத்துக் காட்டுப் பிராணி அல்ல. அழகர்மலை, நத்தம், அய்யலூர், கடவூர் என்று நம்மைச் சுற்றியுள்ள வறண்ட மலைச்சாரல்களிலும் முட்காடுகளிலும் தோட்ட வேலிகளிலும் வாழ்வது. உங்களுக்கு அடுத்துள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் மலைப்பகுதியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகச் சர்க்கார் அறிவித்தபோது, அங்குள்ள பிராணிகளின் பெயர்களில் தேவாங்கின் பெயரும் இருந்தது. டங்ஸ்டன் சுரங்கம் வரக்கூடாது என்று நீங்கள் ஊர் ஊராய்த் திரண்டு, மதுரை வரையில் நடந்து வந்து, 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்துச் செய்ய வைத்தீர்களே, அப்போது உங்களுக்கே தெரியாமல் இந்த ஊமைப் பிராணிக்கும் வழக்காடினீர்கள். அதற்காகவே இதைப் பற்றி உங்களிடம் பேசத் துணிந்தோம்.

கண் ஏன் பெரிது?

தேவாங்கின் கண்ணைப் பற்றித்தான் கட்டுக்கதைகள் அதிகம். இரவில் விளக்கை அடித்தால் அது நெருப்புத் துண்டு போல் ஒளிர்கிறது. ஆகையால் அதில் ஏதோ சக்தி இருக்கிறது என்கிறார்கள். அதில் உள்ளது என்ன?

தேவாங்கு பகலில் முட்புதருக்குள்ளும் மரக்கிளைச் சிக்கலிலும் சுருண்டு தூங்கி, பொழுது சாய்ந்தபின் இரை தேடப் புறப்படும். இருட்டில் இரை தேடும் பிராணிக்குக் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் வீணாகக் கூடாது. அதனால் கண் பெரிதாய் இருக்கிறது. கண்ணின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. ஒருமுறை கண்ணுக்குள் புகுந்து போகும் ஒளியை அது திருப்பி அடிப்பதால், பார்வை நரம்புகளுக்கு அதே ஒளி இரண்டாம் முறையும் கிடைக்கிறது. நாம் விளக்கை அடிக்கும்போது மின்னுவது இந்தப் படலம்தான். உங்கள் வீட்டுப் பசுவுக்கும் பூனைக்கும் இருட்டில் கண் மின்னுகிறதே, அதுவும் இதனால்தான். தேவாங்குக் கண்ணில் வசிய சக்தி உண்டென்றால், வண்டி மாட்டின் கண்ணிலும் அது இருக்கவேண்டும் அல்லவா? அதை யாரும் விற்பதில்லை. ஏனென்றால் மாட்டை நமக்குத் தெரியும்.

இரண்டு கண்களும் நம்முடையவை போல் முன்பக்கம் பார்த்திருப்பதால், பூச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சரியாய்க் கணித்துப் பிடிக்கிறது. அது தாவுவதில்லை, சத்தமில்லாமல் ஊர்ந்து கிளைக்குக் கிளை போகிறது. கைகால் இரத்தக் குழாய்கள் நெருக்கமான கட்டுகளாக அமைந்திருப்பது நெடுநேரம் கிளையை இறுகப் பிடித்திருக்க உதவுகிறது என்கிறார்கள். இந்த மெதுவான நடையைப் பார்த்துத்தான் நாம் சோம்பேறி என்றும் நோஞ்சான் என்றும் பட்டம் கட்டினோம். வேட்டைக்குப் போகிறவன் மேளம் கொட்டிக்கொண்டா போவான்?

1990-களின் கடைசியில், அய்யலூர்ப் பக்கத்து முட்காட்டில் ஆன்னா நெக்காரிஸ், சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங் முதலிய ஆராய்ச்சிக்காரர்கள் மாதக்கணக்கில் இரவெல்லாம் கண் விழித்து இப்பிராணியைப் பின்தொடர்ந்து எழுதி வைத்தார்கள். அது தின்பதில் பெரும்பங்கு எறும்பு, கறையான், வண்டு முதலிய பூச்சிகளே என்று கண்டார்கள். கடிக்கிற எறும்பையும் நாற்றமடிக்கிற பூச்சியையும் அது விடுவதில்லை. மந்திரக்காரன் அதை ஒரு இரவாவது இப்படிப் பார்த்திருப்பானா? பார்த்தவர்கள் எழுதியதில் சக்தி இல்லை. பார்க்காதவன் சொல்வதில்தான் சக்தி இருக்கிறது!

குட்டி வளர்க்கும் விதம்

இனி, இன்றைய பேச்சின் முக்கியமான பாகத்துக்கு வருகிறோம். தாய்மார்கள் இதைக் கவனமாய்க் கேட்கவேண்டும்.

தேவாங்குப் பெண் ஏறக்குறைய ஒரு வயதில் பருவத்துக்கு வருகிறது. ஆண்டில் இரண்டு பருவங்களில் சேர்க்கை நடக்கும். கர்ப்பகாலம் சுமார் 165 நாள், அதாவது ஐந்தரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு குட்டிகள்தான். பிறந்த குட்டியின் எடை 10, 12 கிராம் இருக்கும். ஏறக்குறைய இதே உருவமுள்ள வீட்டெலியை எடுத்துக் கொள்ளுங்கள். எலியின் கர்ப்பம் மூன்றே வாரம். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு என்று குட்டிகள். எலியைப் பொறி வைத்துப் பிடித்தாலும் அது குறைவதில்லை. தேவாங்கைப் பத்துப் பிடித்தால், அந்தப் பத்தை ஈடு செய்ய எத்தனை தாய் எத்தனை காலம் சுமக்கவேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

குட்டி பிறந்த முதல் நாலு வாரம் வரையில் தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக் கொண்டே இருக்கும். தாய் இரைதேடும் இடமெல்லாம் அதுவும் போகும். அதன்பின், பொழுது சாய்ந்ததும் தாய் குட்டியை ஒரு கிளையில் வைத்துவிட்டு இரை தேடப் போகிறது. களை எடுக்கப் போகிறவள் வரப்பு மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுப் போகிறாளே, அதைப்போல. விடியுமுன் திரும்பி வந்து குட்டியை எடுத்துக் கொள்கிறது. இடையில் ஆண்கள் வந்து குட்டியோடு விளையாடுவதையும், மயிர் கோதுவதையும் அய்யலூரில் கண்டிருக்கிறார்கள். பகலில் தாய், குட்டிகள், ஆண்கள் என்று சில சேர்ந்து ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும். ஐந்து, ஆறு மாதத்தில் குட்டி பால் மறக்கும்.

இதிலிருந்து ஒரு காரியம் தெரிந்து கொள்ளுங்கள். இரவில் கிளையில் தனியாய் ஒரு தேவாங்குக் குட்டியைப் பார்த்தால், "ஐயோ, தாயில்லாக் குட்டி" என்று இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். அதற்குத் தாய் இருக்கிறது, வேலைக்குப் போயிருக்கிறது. நீங்கள் தூக்கி வந்தால்தான் அது தாயில்லாக் குட்டி ஆகும். அறிவில்லாத இரக்கம், அறிவில்லாத பக்தியைப் போலவே தீங்கு செய்யும்.

ஒவ்வொரு பிராணியும் பிள்ளை வளர்க்க ஒவ்வொரு வழி கண்டிருக்கிறது. ஆஸ்திரேலியக் காட்டில் ஆன்டிகைனஸ் என்று எலி உருவில் ஒரு பிராணி உண்டு. கங்காருவைப் போல் பைப்பிராணி இனம். அதன் குட்டி அரிசி அளவில் பிறந்து, தாயின் முலைக்காம்பைப் பற்றிக் கொண்டு வெளியிலேயே வளர்கிறது. அதன் ஆண்களோ, ஒரு வயது நிரம்புமுன், சேர்க்கைக் காலம் முடிந்ததும் அவ்வளவும் செத்துப் போகின்றன. உடலில் ஒருவித சுரப்பு அளவுக்கு மிஞ்சிப் போய், நோயை எதிர்க்கும் சக்தி அழிந்துவிடுவதே காரணம். இந்த விவரம் தெரியாவிட்டால் நம்மவர்கள் என்ன சொல்லுவார்கள்? பூர்வ ஜன்ம பாவம், தலைவிதி, சாமி குற்றம் என்பார்கள். தெரிந்தபின் அது சுரப்பியின் வேலை. உலகத்தில் விதி என்று நாம் சொல்லும் பலவும், காரணம் கண்டுபிடிக்கிற வரையில் வைத்திருக்கும் பெயர்தான்.

தாயத்தின் பரீட்சை

இப்படிப்பட்ட பிராணியைப் பிடித்து நாம் செய்கிற காரியம் என்ன? மயிரைப் பிடுங்கித் தாயத்தில் அடைக்கிறோம். கண்ணீரைக் கண்நோய்க்கு மருந்து என்கிறோம். கண்ணைப் பிடுங்கி வசிய மை என்கிறோம். இது நேற்று வந்த பழக்கமும் அல்ல, நம் ஊரில் மாத்திரம் உள்ளதும் அல்ல. இலங்கையில் உத்தியோகம் பார்த்த எமர்சன் டென்னன்ட் என்பவர் 1861-ல் வெளியிட்ட புத்தகத்தில், வசிய மருந்துக்காக அப்பிராணியை உயிரோடு நெருப்பின் அருகில் பிடித்துக் கண் வெடிக்கும் வரையில் வாட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறார். ஒரு பெண்ணின் அன்பைப் பெறுவதற்கு ஒரு தாயின் கண்ணைப் பிடுங்குவது! அன்பு என்பதற்கு இதைவிடக் கேவலமான அர்த்தம் வேறு உண்டா?

வசிய மை வேலை செய்யும் என்றால், அதை விற்கிறவன் ஏன் மரத்தடியில் வெயிலில் உட்கார்ந்து, நூறு ரூபாய்க்கு உங்களிடம் மன்றாடுகிறான்? ஊரில் உள்ள பணக்காரனை வசியம் செய்து வீடு வாசல் எழுதி வாங்கிக் கொள்ளக் கூடாதா?

"கட்டினோம், குழந்தைக்கு நின்றதே" என்று ஒரு தாய் சொல்லக்கூடும். அந்தத் தாயை நாம் பரிகசிக்க மாட்டோம். குழந்தை இரவெல்லாம் அழும்போது ஏதாவது செய்யவேண்டும் என்று தவிப்பது இயற்கை. ஆனால் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். இருபது தாயத்து எடுத்து, பத்தில் தேவாங்கு முடி என்று விற்பதை அடையுங்கள். மற்றப் பத்தில் தேங்காய் நாரை அடையுங்கள். எது எதில் இருக்கிறது என்று கட்டுகிறவளுக்கும் தெரியவேண்டாம், விற்கிறவனுக்கும் தெரியவேண்டாம். ஒரு மாதம் கழித்துக் கணக்கெடுங்கள். எந்த மந்திரக்காரனாவது இந்தப் பரீட்சைக்கு முன்வருவானா? வரமாட்டான். குழந்தையின் சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் சில நாளில் தானே விலகுவன. அந்தப் பெயரைத் தாயத்து தட்டிக்கொண்டு போகிறது. தானே விலகாத நோய்க்குத் தாயத்தைக் கட்டிக் காத்திருந்தால், டாக்டரிடம் போகவேண்டிய நாள் வீணாகிறது. அதற்கு விலை கொடுப்பது தேவாங்கு மாத்திரம் அல்ல, உங்கள் குழந்தையுந்தான்.

யார் குற்றவாளி?

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேவாங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். மூன்று வருஷம் முதல் ஏழு வருஷம் வரையில் தண்டனை உண்டு. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே ஏற்பட்ட சரணாலயம் இந்தியாவில் அதுதான் முதலாவது. இவை நல்ல காரியங்கள், பாராட்டுகிறோம்.

ஆனால் சட்டத்தைப் பற்றி நமக்கு ஒரு விசனம் உண்டு. பிடிபடுகிறவன் யார்? நிலமில்லாமல், படிப்பில்லாமல், ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு, பிழைக்க வேறு வழியில்லாமல் அதைப் பிடித்து விற்கிற ஏழை. தப்பித்துக் கொள்கிறவன் யார்? அதை விலை கொடுத்து வாங்கி, தங்கத் தாயத்தில் அடைத்து, காரில் ஏறிப் போகிறவன். விற்கிறவனுடைய குலத்தைச் சொல்லி ஏசுவது நமது வழக்கமாய் இருக்கிறது. அந்தக் குலத்தை ஊருக்கு வெளியே வைத்தது யார்? நம்பிக்கையை உண்டாக்கி வைத்தது யார்? வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் நாளைக்கே வேறு தொழிலுக்குப் போய்விடுவான். ஆகவே நாம் முதலில் குற்றம் சாட்டுவது கூடாரத்தை அல்ல, மாடி வீட்டை. கையில் உள்ள கூண்டை அல்ல, தலையில் உள்ள மூடத்தனத்தை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். "கடவுள் மனிதனுக்காகத்தான் மற்ற ஜீவன்களைப் படைத்தார்" என்று சொல்லுவோர் உண்டு. இதே வாயால்தான், உழைக்கிறவன் உட்கார்ந்திருக்கிறவனுக்காகப் படைக்கப்பட்டான் என்றும், பெண் ஆணுக்காகப் படைக்கப்பட்டாள் என்றும் சொன்னார்கள். ஒருவரை மற்றொருவருக்காகப் படைத்தது என்கிற பேச்சை நாம் எங்கே கேட்டாலும் சந்தேகப்பட வேண்டும். தேவாங்கு நமக்காகப் பிறக்கவில்லை. அதற்காகவே அது பிறந்திருக்கிறது.

செய்ய வேண்டியது

தோழர்களே! வேலியை அடியோடு வெட்டி எரிக்காமல், உசிலையும் வேலமரமும் கள்ளியும் நிற்க இடம் விடுங்கள். கிளைக்குக் கிளை போகிற பிராணிக்கு வேலி போனால் பாதை போயிற்று. ரோட்டிலோ வீட்டிலோ அகப்பட்டதைக் கண்டால் அடிக்காமல், படம் பிடிக்கக் கூட்டம் கூட்டாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தாயத்து விற்கிறவன் வந்தால், "இருபது தாயத்துப் பரீட்சைக்கு வருகிறாயா?" என்று கேளுங்கள். பிள்ளைகளை அந்தப் பெயர் சொல்லி வையாதீர்கள். உருவத்தைச் சொல்லி இழிவு செய்வது, பிறப்பைச் சொல்லி இழிவு செய்வதற்கு அடுத்த வீடு.

1976-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 51-ஏ பிரிவில் பிரஜைகளின் கடமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. உயிர்களிடத்தில் இரக்கம் காட்டவேண்டும் என்பது ஒன்று. அதற்கு அடுத்த வரியே, விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் குணத்தையும் வளர்க்கவேண்டும் என்பது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பது மிகப் பொருத்தம். ஆராய்ச்சி இல்லாத இரக்கம் குட்டியைத் தூக்கி வந்து கொல்லும். இரக்கம் இல்லாத அறிவு கண்ணைப் பிடுங்கி விலை பேசும்.

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றை நம்பிவிடாதீர்கள். பொழுது சாய்ந்தபின் ஒரு நாள் உங்கள் மலையடிவாரத்துக்குப் போய், ஓசையில்லாமல் நின்று, கிளைகளைப் பாருங்கள். இரண்டு கண்கள் உங்களைத் திரும்பிப் பார்க்கக்கூடும். அதில் மந்திரம் இருக்கிறதா, அல்லது குட்டியை வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்ட ஒரு தாயின் கவலை இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்து, உங்கள் புத்தியாலேயே முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நமது பேச்சை முடித்துக் கொள்ளுகிறோம்.